காகிதம் கேட்கும் நாட்டில் நூலகவியல்: ஊவாத் தோட்டங்களிலிருந்து ஒரு பார்வை

நூலகவியல் பற்றி எழுதப்போகிறேன் என்று வெலிமடையில் சொன்னபோது வந்த முதலாவது கேள்வி, புத்தகத்தை எடுத்துக் கொடுத்து முத்திரை குத்துவதற்கும் ஒரு பல்கலைக்கழகப் படிப்பா என்பதுதான். கேட்டவரைக் குறைசொல்ல முடியாது. நான் போய்ப் பார்த்த தோட்டப் பாடசாலைகள் சிலவற்றில் நூலகம் என்பது ஓர் இரும்பு அலுமாரி. சாவி அதிபரிடம் இருக்கும். அதிபர் வலயக் கல்விக் காரியாலயத்துக்குப் போயிருந்தால் அன்றைக்கு நூலகமும் கூடவே போய்விடும். அப்படியான இடத்தில் வளர்ந்தவர்களுக்கு நூலகர் என்றால் அலுமாரிக்குக் காவல் இருப்பவர்தான்.

உண்மையில் இந்தப் பாடம் புத்தகத்தைப் பற்றியது மட்டுமல்ல. ஒரு தகவல் எங்கே இருக்கிறது, அது தேவைப்படுகிறவருக்கு எப்படிப் போய்ச் சேரும், நாளைக்கும் அது அங்கே இருக்குமா என்பவைதான் அதன் கேள்விகள். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை மலையகத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த நாட்டில் குறைவு.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை வெளியே தள்ளியது எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னர் வந்த 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். பதிவுப் பிரஜையாக வருவதற்கு ஒரு வழியை அந்தச் சட்டம் திறந்துவைத்தது. ஆனால் மணமானவர் 7 வருடங்களும், மணமாகாதவர் 10 வருடங்களும் 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் தொடர்ச்சியாக இந்த நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் கொண்டு நிரூபிப்பது? பிறப்பு லயத்தில் நடந்தது. கலியாணம் கோயிலில் நடந்தது. வேலை செய்த பதிவு தோட்டக் காரியாலயத்துச் செக்ரோலில் இருந்தது, அது துரையின் அலுமாரியில் இருந்தது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அரசியல் நோக்கம் அதற்குப் பிரதான காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நோக்கம் கையில் எடுத்த கருவி, ஏழையிடம் காகிதம் கேட்பது.

1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். அதிலும் காகிதம். நாடற்ற நிலையைப் பெரும்பாலும் முடித்துவைத்த 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்திலும், 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதியிலிருந்து இலங்கையில் வசித்தவர் அல்லது அவரின் வழிவந்தவர் என்ற நிபந்தனை இருந்தது. இடையில் 1977 இலும் 1983 இலும் அடிவாங்கி வன்னிக்குப் போன குடும்பங்களின் கதை வேறு. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காட்டை வெட்டிக் குடியேறியவர்களில் பலர் ஊவாவிலிருந்தும் மற்ற மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் போனவர்கள். 2009 இல் பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையே அவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிய பொலித்தீன் பையில் என்ன இருந்தது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நகை அடகு வைத்த துண்டு. அதைத் தொலைத்தவர்கள் முகாமில் பட்ட பாட்டையும் நீங்கள் அறிவீர்கள்.

சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடம்

நமது பகுதியில் இந்தப் பாடம் பல்கலைக்கழகத்துக்குள் வந்த கதையை ஒரு கணக்கு வாத்தியாரிடமிருந்து தொடங்க வேண்டும். சீர்காழியில் 1892 இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். (பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அதே 1924 இல்தான். சம்பந்தம் ஒன்றும் இல்லை, காலத்தை மனதில் வைத்துக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.) நாள் முழுக்க ஆளில்லாத மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, பழைய வேலைக்கே திரும்பிப்போகக் கேட்டார். லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவந்த பிறகு மனம் மாறியது. அங்கே நூலகம் ஊரின் நடுவே இயங்குவதைக் கண்டார். கடையில் விற்ற மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானையும் கண்டார். சில துண்டுகளைச் சேர்த்துப் பூட்டினால் எந்த உருவமும் வரும். நூல்களை வகைப்படுத்தவும் அப்படி ஒரு முறை இருந்தால் என்ன என்று யோசித்தார். அதுதான் 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1929 இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பை அவர் தொடங்கினார். 1931 இல் பல்கலைக்கழகம் அதைப் பொறுப்பேற்றது. 1937 இல் அது பட்டதாரிகளுக்கான ஒரு வருட டிப்ளோமாவாக வளர்ந்தது. அங்கே ஆசிரியரும் மாணவரும் செய்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வகுப்பறைக்கு வெளியே நடந்ததுதான். 1931 இல் மன்னார்குடிக்கு அருகில் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் ஏற்பாடு நடந்தது. அதே வருடம் ரங்கநாதன் எழுதி வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தும் இதே எண்ணத்தில் பிறந்தவை. புத்தகம் பூட்டி வைப்பதற்கு அல்ல, எந்த வாசகரும் கைவிடப்படக் கூடாது, எந்தப் புத்தகமும் வாசகரில்லாமல் கிடக்கக் கூடாது, வருகிறவரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் – என் சொற்களில் சுருக்கினால் இவ்வளவுதான். சாவியை அதிபரிடம் கொடுத்துவைக்கும் நமது வழக்கம் முதலாவது விதியிலேயே விழுந்துவிடுகிறது.

அதே ரங்கநாதனின் ஆலோசனையில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எழுந்தது. 1933 இல் க. மு. செல்லப்பா தனது வீட்டில் தொடங்கிய சிறிய வாசிகசாலை அது. கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். திறப்புவிழா 1959 இல் நடந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை அது எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் நூலகவியல் படித்தவர் அந்தச் சாம்பலைப் பார்க்கும்போது இன்னொரு கேள்வியும் கேட்பார்: இதன் பட்டியலுக்கு வேறொரு இடத்தில் பிரதி இருந்ததா? நூல் எரிந்தால் ஒரு நூல் போகிறது. பட்டியலும் எரிந்தால் என்ன போனது என்பதே தெரியாமல் போகிறது. இழந்ததன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நிற்பது இன்னொரு இழப்பு. போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலுக்காக நிற்கும் தாய்மாரிடம் கேட்டால் இதை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

இலங்கையில் எங்கே படிக்கலாம்?

இலங்கை நூலகச் சங்கம் 1960 இல் தொடங்கப்பட்டது. 1974 இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. இன்றைக்குப் பொது நூலகங்களில் வேலை செய்கிறவர்களில் பலர் இந்தச் சங்கத்தின் டிப்ளோமாவைப் படிப்படியாக முடித்தவர்கள். மூன்று மொழிகளிலும் அது நடத்தப்பட்டு வந்திருக்கிறது. பல்கலைக்கழக மட்டத்தில் 1960களின் தொடக்கத்தில் பேராதனையில் பட்டப்பின் டிப்ளோமா வந்தது. 1973 இல் அன்றைய வித்தியாலங்கார வளாகத்தில், அதாவது இன்றைய களனிப் பல்கலைக்கழகத்தில், நூலகவியலுக்கென்றே ஒரு துறை தொடங்கியது. 1999 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் நூலக, தகவல் விஞ்ஞானங்களுக்கான தேசிய நிறுவகம் உருவானது. உலக வங்கியின் உதவியோடு பாடசாலைகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டபோது அவற்றை நடத்த ஆசிரிய நூலகர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைப் பயிற்றுவதுதான் அந்த நிறுவகத்தின் முதல் வேலை.

பேராதனையைத் தவிர இவை மேல்மாகாணத்தைச் சுற்றியே இருப்பதைக் கவனியுங்கள். வெலிமடையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனால் ஒரு பகல் முடிந்துவிடும். பதுளையில் 2005 இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கலாம். தேயிலை பறித்தவர்களின் ஆவணத்தைப் பேணுவது எப்படி என்று படிக்க மலையிறங்க வேண்டும்.

இந்த வகுப்புகளில் மாணவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஒரு நூலைக் கையில் கொடுத்து அதற்கு ஓர் எண் போடச் சொல்வார்கள். பார்க்க இலகுவான வேலை. டூயி தசமப் பகுப்பில் தேயிலைப் பயிர்ச்செய்கைக்கு 633.72. இலங்கை வரலாற்றுக்கு 954.93. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. தொழிலாளர் பிரச்சினை 331 இல் தொடங்குகிறது. இப்போது ஊவாவின் தோட்டமொன்றில் 1940 இல் நடந்த வேலைநிறுத்தம் பற்றி, கும்மிப் பாட்டாக அச்சடித்த எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்று கிடைக்கிறது என்று வையுங்கள். பதுளையில் வேவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தம் நடந்த வருடம் அது, ஆகவே கற்பனை அதிகம் தேவையில்லை. அது இலக்கியமா, வரலாறா, தொழிலாளர் பிரச்சினையா, தேயிலையா? எந்த எண்ணைப் போட்டாலும் மற்ற மூன்று அலுமாரிகளில் தேடுகிறவருக்கு அது கிடைக்காது.

மலையகத்தைப் பற்றிய எழுத்து நமது நூலகங்களில் கண்ணில் படாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். எழுதப்படவில்லை என்று நாம் நினைக்கிறோம். எழுதப்பட்டது நான்கு அலுமாரிகளில் சிதறிக் கிடக்கிறது. ரங்கநாதனின் முறை இந்த இடத்தில்தான் உதவுகிறது. எதைப் பற்றியது, என்ன நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்று ஒரு நூலைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தத் துண்டுகளைச் சேர்த்து எண்ணாக்குவது. தொழிலாளர் – வேலைநிறுத்தம் – ஊவா – 1940 என்று நான்கு பக்கத்தாலும் அதைப் பிடிக்கலாம். இன்று கணினியில் ஒரு கடைத் தளத்தில் சேலை வாங்கும்போது நிறம், விலை, துணி என்று வடிகட்டுகிறோமே, அந்த யோசனையின் ஒரு வேர் சீர்காழிக்காரரிடம் இருக்கிறது.

அடுத்தது பெயர். ஒரே எழுத்தாளர் இராமையா என்றும் ராமையா என்றும் எழுதினால் பட்டியலில் அவர் இரண்டு பேராகிவிடுவார். இதைத் தவிர்க்க ஒரு பெயரைத் தலைப்பாகத் தீர்மானித்து மற்ற வடிவங்களை அதனுடன் கோர்த்துவிடுவது நூலகவியலில் அடிப்படைப் பாடம். இந்தப் பாடத்தைத் தோட்டக் காரியாலயங்கள் கற்றிருந்தால் எத்தனை பேரின் ஊழியர் சேமலாப நிதி சிக்காமல் இருந்திருக்கும்! பிறப்புப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, செக்ரோலில் கணக்கப்பிள்ளைக்குக் காதில் விழுந்த எழுத்து. முப்பது வருடம் கொழுந்து எடுத்த ஒரு பெண் மூன்று பெண்களாகப் பிரிந்து, தான் ஒருத்திதான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மக்களின் பெயரும் இதே மாதிரித்தான். குடிசன மதிப்பீட்டில் நெடுங்காலமாக நாம் இந்தியத் தமிழர். பட்டியலில் அந்தத் தலைப்பை மட்டும் போட்டால், மலையகத் தமிழர் என்று தேடும் இன்றைய மாணவிக்கு ஒன்றும் வராது. தலைப்பை மாற்றிவிட்டால் பழைய அரசாங்க அறிக்கைகள் அகப்படாது. இரண்டையும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்ட வேண்டும். பட்டியல் போடும் நூலகர் ஒருவர் எடுக்கும் முடிவு இது. அரசியல் மேடையில் பேசப்படும் அடையாளப் பிரச்சினை அவருடைய மேசையில் ஒரு சின்ன அட்டையில் வந்து நிற்கிறது.

படிக்காமல் செய்தவர்கள், படித்துச் செய்தவர்கள்

அரசு செய்யாத வேலையைத் தனிமனிதர்கள் தூக்கிச் சுமந்த கதை நம்மிடம் நிறைய உண்டு. யாழ்ப்பாணத்தில் நூலகராக இருந்து 1980களில் ‘நூலகவியல்’ என்ற பெயரிலேயே இதழ் நடத்திய என். செல்வராஜா, புலம்பெயர்ந்து பிரித்தானியாவுக்குப் போன பிறகு ‘நூல்தேட்டம்’ என்ற தொகுதிகளை வெளியிடத் தொடங்கினார். முதல் தொகுதி 2002 இல் வந்தது. ஒவ்வொரு தொகுதியிலும் ஈழத்துத் தமிழ் நூல்கள் 1,000 பற்றிய குறிப்புகள். எழுதியவர், அச்சகம், ஆண்டு, பக்கம், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக. ஒரு தேசிய நூலகம் செய்ய வேண்டிய வேலை. எரிந்தவற்றின் பெயரையாவது மீட்க வேண்டும் என்ற அவதி அதில் தெரிகிறது.

2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தை உங்களில் பலர் பாவித்திருப்பீர்கள். நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் என்று எண்ணிமப்படுத்தி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். மலையகம் தொடர்பானவையும் அங்கே உண்டு. நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் பல்கலைக்கழக அலுமாரியில் கிடைக்காத மலையகச் சஞ்சிகைகளை அங்கேதான் வாசித்தேன்.

ஆனால் எண்ணிமப்படுத்துவதற்கு முதலில் ஒரு பொருள் இருக்க வேண்டும். 1885 ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தின்படி அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் கொடுக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒரு பிரதி போகும். பெரிய அச்சகங்கள் கொடுத்தன. தோட்டங்களில் ஒரு சதத்துக்கும் இரண்டு சதத்துக்கும் விற்கப்பட்ட பாட்டுத் தாள்களையும், தொழிற்சங்கங்கள் உருட்டியடித்த அறிவித்தல்களையும் யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் தோட்டத் தொழிலாளரை எழுப்பியது இப்படிப்பட்ட மெல்லிய காகிதங்களால். நூலகவியலில் இவற்றுக்குக் குறுங்கால வெளியீடுகள் என்ற ஒரு தனி இடம் உண்டு. ஒருநாள் பாவித்துவிட்டு எறிவதற்கென்றே அச்சடிக்கப்பட்டவை. ஏழைகளின் வரலாறு பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கிறது.

தோட்டக் காரியாலயப் பதிவேடுகளின் கதியும் அதேதான். கம்பனிகளிடம் இருந்த தோட்டங்கள் 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசிடம் போயின. 1992 இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. நிருவாகம் கைமாறும்போது நிலத்தையும் இயந்திரத்தையும் எண்ணி ஒப்படைப்பார்கள். பழைய செக்ரோலை யாரும் எண்ணுவதில்லை.

ஒக்டோபர்

இலங்கையில் ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளில் பதாகை கட்டுவார்கள், பேச்சுப்போட்டி நடக்கும், அலுமாரி திறக்கும். ஊவாவில் அந்த மாதத்துக்கு வேறு நினைவுகளும் உண்டு. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்தது. தண்டிக்கப்பட்டிருந்தவர்கள் 2005 இல் உயர் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார்கள். பதுளை மாவட்டத்தின் எந்தப் பொது நூலகத்திலாவது இதற்கென ஒரு கோப்பு, குறைந்தது பத்திரிகை நறுக்குகளாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகப்படியா?

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தமை பிறகு வெளியே வந்தது. அறிக்கை இருந்திருக்கிறது. அது ஒரு காரியாலயத்திலிருந்து மற்றக் காரியாலயத்துக்குப் போயிருக்கிறது. லயத்தில் படுத்திருந்தவரைப் பாதுகாக்கும் நடவடிக்கையாக அது மாறவில்லை. தகவல் தேவைப்படுகிறவரைப் போய்ச் சேரவில்லை என்றால் உயிர் போகும் என்பதற்கு வகுப்பில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

களனியிலோ கொழும்பிலோ நூலகவியல் படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்காகப் பெரிய நூலகங்களுக்கு அனுப்பப்படுவது வழமை. அவர்களில் தமிழ் தெரிந்த நான்கு பேர் ஒரு விடுமுறைக்கு ஊவாவுக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஒரு பிரதேச சபை நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்கு ஒழுங்கான பட்டியல் போடலாம். ஒரு தோட்டப் பாடசாலையின் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை, அதிபரின் அனுமதியோடு, பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். பழைய தொழிற்சங்கத் தலைவர்கள் வீட்டில் கட்டிவைத்திருக்கும் காகிதக் கட்டுகளை அவிழ்த்து வரிசைப்படுத்தலாம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. துறையின் ஆசிரியர் ஒருவர் அதைப் பாடத்தின் பகுதியாக ஏற்று மதிப்பெண் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய கட்டடத்தில் ஏற்கெனவே ஒழுங்காக இருக்கும் நூல்களை மறுபடி அடுக்குவதில் மாணவருக்கு என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை.

சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்தத் துறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிரதேச சபை நூலகங்களிலும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இதற்குப் பதவிகள் உண்டு. தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் வெலிமடை போன்ற ஊரின் நூலகத்தில் இருப்பதன் பெறுமதியை, சிங்களப் படிவம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரி வாசலில் நின்ற எவரும் சொல்வார்.

வீட்டில் பழைய காகிதம் வைத்திருப்பவர்களுக்கு, அது வன்னியில் இருந்தாலும் தோட்டத்தில் இருந்தாலும், நூலகவியல் சொல்லும் சில சின்ன விடயங்கள். பிறப்புச் சான்றிதழையும் பிரஜாவுரிமைப் பத்திரத்தையும் லமினேட் பண்ணாதீர்கள். வெப்பமும் பசையும் காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. துருப்பிடிக்கும் பின்களைக் கழற்றிவிடுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள பரணில் வைக்க வேண்டாம். ஈரச் சுவரோடு சேர்த்தும் வைக்க வேண்டாம். பகல் வெளிச்சத்தில் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, வேறு வீட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பழைய குடும்பப் படம் இருந்தால், அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய அப்பாயியோ அம்மாயியோ இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும். பெயர், தோட்டம், டிவிசன், வருடம்.